ஒரு சிலிண்டர் குறைந்தால் என்ன குறைகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று சிலிண்டர் கார்கள் பெருகியதிலிருந்து வாசகர் கடிதங்களிலும் டீக்கடைப் பேச்சிலும் ஒரே புகார்தான்: "நாலு சிலிண்டர் காசை வாங்கிட்டு மூணு சிலிண்டரைத் தலையில கட்டுறாங்க." 2024 மே மாதம் புதிய ஸ்விஃப்ட் வந்தபோது இந்தப் பேச்சு உச்சத்துக்குப் போனது. அதுவரை இருந்த 1197 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜினை எடுத்துவிட்டு, அதே 1197 சிசியில் மூன்று சிலிண்டர் இன்ஜினை வைத்தார்கள். பவர் 90 பிஎஸ்ஸிலிருந்து 82 பிஎஸ்ஸுக்கு இறங்கியது. மேனுவல் கியர் வண்டியின் மைலேஜ், சோதனைக் கணக்குப்படி, லிட்டருக்கு 22.38 கிலோமீட்டரிலிருந்து 24.8-க்கு ஏறியது. இன்ஜின் வடிவமைப்பிலும் ரீகண்டிஷன் பட்டறையிலும் இவற்றோடு அன்றாடம் புழங்குகிறவர்கள் என்ற முறையில் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறோம். சிலிண்டரை எண்ணிக் கோபப்படுகிறவர்கள், உண்மையாகவே கவலைப்பட வேண்டிய இடங்களைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் கணக்கு. 1197 சிசியை நான்காகப் பிரித்தால் சிலிண்டருக்கு 299 சிசி. மூன்றாகப் பிரித்தால் 399 சிசி. அறை சிறுக்கச் சிறுக்க, உள்ளே எரியும் வாயுவோடு ஒப்பிட்டால் சுற்றியிருக்கும் சுவரின் பரப்பு கூடிக்கொண்டே போகும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு அந்தச் சுவர் வழியே கூலன்ட்டில் இறங்கி, ரேடியேட்டரில் காற்றோடு போய்விடும். பெட்ரோல் இன்ஜினுக்குச் சிலிண்டர் ஒன்றுக்கு 400 முதல் 500 சிசி வரை தோதான அளவு என்பது வடிவமைப்பாளர்கள் பலர் ஏற்றுக்கொண்ட கணக்கு. பிஎம்டபிள்யூ தன் புதிய தலைமுறை மூன்று, நான்கு, ஆறு சிலிண்டர் இன்ஜின்களைச் சிலிண்டருக்கு ஏறக்குறைய 500 சிசி என்ற ஒரே அளவில் கட்டுவது இதனால்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் 1.2 லிட்டரை நான்காகக் கூறு போட்டதுதான் அதிகம்.

அடுத்தது உரசல். மூன்று சிலிண்டரில் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் 12-லிருந்து 9 ஆகின்றன, வால்வுகள் 16-லிருந்து 12, மெயின் பேரிங்குகள் 5-லிருந்து 4. இன்ஜினுக்குள் நடக்கும் உரசலில் ஏறக்குறைய பாதி, பிஸ்டனும் ரிங்கும் சிலிண்டர் சுவரில் தேய்வதால் வருவது. ஊருக்குள் 40 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாக ஓட்டும்போது இன்ஜின் கொடுக்கும் பவரே கொஞ்சம். அதில் கணிசமான பங்கை இந்த உரசல் தின்றுவிடும். மைலேஜ் கூடுவதன் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது.

இங்கே "எடை குறைந்த இன்ஜின், ஆகவே மைலேஜ்" என்று விளம்பரங்கள் சொல்வதையும் திருத்த வேண்டும். காரின் மொத்த எடையில் 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் சுமார் 6 முதல் 7 சதவீதம் மிச்சமாகும் என்பது பொதுக் கணக்கு. 1000 கிலோ காரில் இன்ஜின் 20 கிலோ இளைத்தால் அது 2 சதவீதம். மிச்சம் ஒரு சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பின் சீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று குறைவதற்குச் சமம். பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த கூடு), சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி), கவர் போன்ற அசையாத பாகங்களின் எடை முன் அச்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நல்லது. மைலேஜைத் தீர்மானிப்பவை உள்ளே ஓடும் பாகங்கள்.

பிஸ்டனை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90 மில்லிமீட்டர், வேகம் 6000 ஆர்பிஎம் என்று வைத்தால், மேல் முனையில் நின்று திரும்பும் கணத்தில் பிஸ்டனுக்கு நேரும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல இரண்டாயிரம் மடங்குக்கு மேல். அங்கே பிஸ்டனில் இருக்கும் ஒவ்வொரு 10 கிராமும், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடை சுமார் 23 கிலோ விசையோடு இழுக்கிறது, வினாடிக்கு 100 முறை. 10 கிராமைச் சுரண்டி எடுத்தால் ராடை மெலிதாக்கலாம். ராட் மெலிந்தால் கிராங்கின் எதிர் எடையைக் குறைக்கலாம். அது குறைந்தால் பேரிங்கில் விழும் சுமை இறங்கும். பேரிங்குக்குள் சுழலும் தண்டுப் பகுதியான ஜர்னலின் விட்டத்தையும் குறைக்கலாம். பேரிங் உரசல் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவது. மற்ற அளவுகள் அப்படியே இருந்து, 50 மில்லிமீட்டர் ஜர்னல் 46 ஆனால் உரசல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். பிஸ்டனில் தொடங்கிய 10 கிராம் கடைசியில் பிளாக்கின் அடிச்சுவர் வரை போய் நிற்கிறது. எடைக் குறைப்பு என்று இன்ஜின்காரர்கள் பேசுவது இந்தச் சங்கிலியைத்தான்.

பிஸ்டனை எப்படி இளைக்க வைக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பட்டறையில் தவறு நடப்பது அங்கேதான். ராடோடு இணைக்கும் பிஸ்டன் பின்னுக்கு மேலே உள்ள உயரத்தைக் குறைக்கிறார்கள். பக்கப் பாவாடையைச் சுருக்கி, உரசும் இரு பக்கத்தில் மட்டும் விட்டு, அதன் மேல் கிராஃபைட் பூச்சு கொடுக்கிறார்கள். 1.5 மில்லிமீட்டர் இருந்த ரிங் 1.2, 1.0 என்று மெலிகிறது. ரிங் சுவரை அழுத்தும் விசையும் குறைகிறது. பலன், உரசல் குறைவு. விலை, பிழைக்கு இடமில்லாமை. அழுத்தம் குறைந்த ஆயில் ரிங், தன் பின்னால் இருக்கும் சிறு துளைகள் வழியே ஆயிலைக் கீழே வடித்தாக வேண்டும். 10,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய ஆயிலை 18,000 வரை ஓட்டினால் அந்தத் துளைகளில் கரி படியும், ரிங் பள்ளத்தோடு ஒட்டிக்கொள்ளும், வண்டி ஆயில் தின்னத் தொடங்கும். பழைய தடித்த ரிங் இதே அலட்சியத்தைப் பல வருடம் பொறுத்துக்கொண்டது. "அந்தக் கால இன்ஜின் மாதிரி வருமா" என்று சொல்கிறவர்கள் இந்த அளவில் சொல்வது சரி.

ரிங் மாற்றும்போது இன்னொரு கோளாறு. பழைய பழக்கத்தில் முரட்டுக் கல்லைப் போட்டுச் சிலிண்டர் சுவரைத் தேய்த்து ஹோனிங் செய்துவிடுகிறார்கள். மெல்லிய ரிங்குக்கு முதலில் கோடு போட்டு, பிறகு மேட்டை மட்டும் நைசான கல்லால் தட்டையாக்க வேண்டும். பள்ளம் ஆயிலைப் பிடிக்க, மேடு வழுவழுப்பாக ரிங்கைத் தாங்க. இந்த இரண்டாவது வேலையை விட்டுவிட்டால் முதல் ஆயிரம் கிலோமீட்டரிலேயே ரிங் தேய்ந்து புகை வரும். கனெக்டிங் ராடிலும் கவனம் தேவை. இப்போதைய ராடுகளில் பலவற்றின் பெரிய முனை, அறுத்துக் கடையப்படுவதில்லை; ஒரே துண்டாகச் செய்து நடுவில் உடைக்கிறார்கள். உடைந்த முகத்தின் மேடு பள்ளம் ஒன்றோடொன்று பொருந்துவதுதான் அதன் பிடிப்பு. ஒரு ராடின் கேப், அதாவது உடைத்தெடுத்த பாதி, இன்னொன்றுக்குச் சேராது. திருப்பிப் போட்டு முறுக்கினாலோ இரண்டு முகமும் நசுங்கி, ராடே குப்பைக்குப் போகும். கழற்றும்போதே எண் குறித்து, கேப்பும் ராடும் ஜோடி பிரியாமல் வைக்க வேண்டும். அந்த முகத்தில் எமரி பேப்பர் படவே கூடாது.

பிளாக்கின் உலோகத்துக்கு வருவோம். வார்ப்பிரும்பின் அடர்த்தி 7.2, அலுமினியம் 2.7. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்பதால் பிளாக்கும் அப்படியே இளைக்கும் என்று நினைத்தால் ஏமாறுவோம். அலுமினியம் விறைப்பு குறைந்தது. சுவரைத் தடிப்பாக்க வேண்டும், முட்டு கொடுக்க வேண்டும், பிஸ்டன் ஓடும் இடத்தில் இரும்பு லைனர் வைத்து வார்க்க வேண்டும். எல்லாம் போக எடையில் 40 சதவீதம் குறைந்தால் நல்ல வடிவமைப்பு. லைனரையும் தவிர்க்க வேண்டுமானால் இரும்புக் கம்பியைப் பிளாஸ்மாவில் உருக்கிச் சுவரில் தெளித்து, மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குத் தடிப்பில் பூச்சு ஏற்றுகிறார்கள். நிஸ்ஸான் ஜிடி-ஆர் இன்ஜின் இப்படித்தான். அதைக் குடைந்து ரீபோர் செய்ய முடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அவசரப்பட்டு இளைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் 1970-இல் வந்த செவ்ரோலே வேகா இன்றும் பாடம். 2.3 லிட்டர் அலுமினிய பிளாக், லைனர் கிடையாது. உலோகத்தில் கலந்த சிலிக்கான் துகள்களே தேய்மானம் தாங்கும் என்ற ஏற்பாடு. அதன் மேல் மூடியாகக் கனமான இரும்பு ஹெட். கூலன்ட் குறைந்து ஒருமுறை கொதித்துவிட்டால் போதும், சிலிண்டர் கோணும், ஆயில் எரியும், கேஸ்கட் போகும். பிளாக்கில் மிச்சம் பிடித்துவிட்டு ஹெட்டையும் கூலிங்கையும் கவனிக்காமல் விட்ட வினை.

மாறாக 2004-இல் பிஎம்டபிள்யூ தன் என்52 ஆறு சிலிண்டர் இன்ஜினில் மக்னீசியத்தையே துணிந்து பயன்படுத்தியது. சிலிண்டரும் கூலன்ட் ஓடும் பாதையும் உள்ளே அலுமினியத்தில், வெளிக்கூடு மக்னீசியத்தில். தண்ணீர் பட்டால் மக்னீசியம் அரிக்கும் என்பதால் இந்தப் பிரிவினை. இரும்பு போல்ட்டும் மக்னீசியத்தோடு சேராது. ஆகவே அலுமினிய போல்ட், ஒருமுறை கழற்றினால் தூக்கிப் போட வேண்டியவை. அதை அறியாமல் பழைய போல்ட்டையே முறுக்கி, உள்ளேயே உடைத்துவிட்டு விழித்த பட்டறைகள் உலகம் முழுக்க உண்டு.

எல்லோரும் அலுமினியத்துக்கு ஓடும்போது ஃபோர்டு எதிர்த்திசையில் போனதையும் சொல்ல வேண்டும். 2012-இல் வந்த 999 சிசி ஈகோபூஸ்ட் மூன்று சிலிண்டர் இன்ஜினின் பிளாக் வார்ப்பிரும்பு. பிளாக்கின் அடிப்பரப்பு ஒரு ஏ4 தாளுக்குள் அடங்கிவிடும் அளவுக்குச் சிறிது என்பதால் இரும்பின் எடை பாரமாகவில்லை. இரும்பு சீக்கிரம் சூடேறும். சூடேறாத ஆயில் கெட்டியாக இருக்கும் முதல் சில நிமிடங்களில்தான் உரசல் மிக அதிகம். வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்பும் காருக்கு அந்தச் சில நிமிடங்களே முழுப் பயணம். கோவையில் இரும்பு வார்ப்படத் தொழிலில் இருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்: இரும்பின் காலம் முடிந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் அடர்த்தியை மட்டும் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள்.

இனி நம் ஊர்ச் சாலைக்கு. அலுமினிய இன்ஜின்களை இங்கே அதிகம் கொல்வது போர் தண்ணீர்தான். ரிசர்வாயரில் அளவு குறைந்தால் பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் தண்ணீரை ஊற்றிவிடுகிறோம். உப்புத் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும். வால்வுகளைச் சுற்றியுள்ள குறுகலான வழியில் உப்பு படியும். அந்த ஓரிடம் மட்டும் கொதிக்கும். டெம்பரேச்சர் கேஜ் முள் நடுவிலேயே நிற்கும்போதும் இது நடக்கலாம். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், வெறும் காற்றழுத்தத்திலேயே சுமார் 108 டிகிரி வரை கொதிக்காது; ரேடியேட்டர் கேப் கொடுக்கும் அழுத்தத்தில் 120-ஐத் தாண்டும். கேப்பின் ரப்பர் போய்விட்டால் இந்தப் பாதுகாப்பும் போய்விடும். சில நூறு ரூபாய் சாமானுக்காக இன்ஜினையே இழப்பவர்கள் உண்டு. தெர்மோஸ்டாட் கூடு, தண்ணீர்க் குழாய் இணைப்பு போன்றவை எடைக்காகக் கண்ணாடி இழை சேர்த்த நைலானில் வருகின்றன. எட்டு, பத்து வருடச் சூட்டில் அவை மொறுமொறுப்பாகி, ஹோஸ் கிளிப்பைக் கழற்றும்போதே கையோடு வரும். கூலன்ட் மாற்றும் சமயத்தில் இவற்றையும் பார்த்து, நிறம் மங்கி வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிட வேண்டும்.

ஒருமுறை கொதித்துவிட்டால் ஹெட்டை லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் செய்வது வழக்கம். நேர் விளிம்பு வைத்து, ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பதே பல இன்ஜின்களில் வரம்பு. வளைவு அதிகம் என்று 0.3 மில்லிமீட்டர் சீவிவிட்டால் என்ன ஆகும்? 74 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் விட்டம்), 399 சிசி சிலிண்டர், கம்ப்ரஷன் (கலவையை அழுத்தும் விகிதம்) 12 என்று வைத்துக்கொண்டால், எரியறையில் 1.3 சிசி குறைந்து கம்ப்ரஷன் 12.4 ஆகிவிடும். ஏற்கெனவே நாக்கிங், அதாவது கலவை தாறுமாறாக வெடிப்பது, நேரும் விளிம்பில் ஓடும் இன்ஜின் அது. இன்ஜின் கணினியான இசியூ, ஸ்பார்க் வரும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். பிக்கப் போகும், மைலேஜும் போகும். சீவுவதற்கு முன் ஹெட்டின் கடினத்தன்மையைச் சோதிக்கவும் வேண்டும். அளவுக்கு மீறிச் சூடான அலுமினியம் தன் பதத்தை இழந்திருக்கும், சீவினாலும் நிற்காது. ஹெட் போல்ட்டுகள் இப்போது குறிப்பிட்ட டார்க்குக்குப் பிறகு 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி என்று கோணக் கணக்கில் முறுக்கி, நீட்டிப் பிடிக்க வைப்பவை. நீண்ட போல்ட் மறுபடி நீளாது. புது போல்ட் வாங்காமல் ஹெட் வேலை செய்துகொடுக்கும் பட்டறையை நம்ப வேண்டாம்.

மூன்று சிலிண்டர் இன்ஜின் ஆடுகிறது என்ற புகாரில் நியாயம் உண்டு. 800 ஆர்பிஎம் ஐட்லிங்கில் நான்கு சிலிண்டர் வினாடிக்கு சுமார் 27 முறை வெடிக்கிறது. மூன்று சிலிண்டர் 20 முறை. அந்தத் தாழ்ந்த அதிர்வு ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் கைக்குத் தெரியும். அதோடு மூன்று சிலிண்டர் கிராங்கில் மேலும் கீழும் இழுக்கும் விசைகள் ஒன்றையொன்று சமன் செய்தாலும், முன் சிலிண்டர் ஏறும்போது பின் சிலிண்டர் இறங்குவதால் இன்ஜின் முன்னும் பின்னும் தொட்டில் போல ஆடப் பார்க்கும். மருந்து இரண்டு. கிராங்குக்கு எதிராக அதே வேகத்தில் சுழலும் பேலன்ஸ் ஷாஃப்ட் ஒன்று. அது சில கிலோ எடை, கொஞ்சம் உரசல். அல்லது ஃபிளைவீலிலும் முன் புல்லியிலும் வேண்டுமென்றே எடையை ஒரு பக்கம் கூட்டி, மேல்கீழ் ஆட்டத்தைப் பக்கவாட்டு ஆட்டமாகத் திருப்பி, இன்ஜினைத் தாங்கும் மெத்தென்ற மவுன்ட்டிடம் ஒப்படைப்பது. இரண்டாவது வழியே எடைக்கும் மைலேஜுக்கும் நல்லது. ஆனால் பாரம் முழுவதும் மவுன்ட்டில். நீர்மம் நிரப்பிய மவுன்ட் கசிந்துவிட்டால் காரே நடுங்கும். "இன்ஜின் போச்சு" என்று ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் மவுன்ட்டின் அடியில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். புல்லியை மாற்ற நேர்ந்தால் "அதே சைஸ்" சந்தைச் சரக்கைப் போடக் கூடாது. அதில் அந்த ஒரு பக்க எடை இருக்காது.

டர்போ வைத்த சிறு இன்ஜின்களில் வேறொரு நோய். 1500 ஆர்பிஎம்மில், டாப் கியரில், ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். ரிங் இடுக்கில் தேங்கிய ஆயிலும் பெட்ரோலும் சேர்ந்த துளிதான் தீக்குச்சி. ஒரே வெடிப்பில் ரிங் பள்ளத்தின் விளிம்பு உடைந்துவிடக்கூடும். ஆயிலில் அழுக்கு நீக்கச் சேர்க்கும் கால்சியம் இதைத் தூண்டுகிறது என்று தெரிந்த பிறகே 2018-இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) எஸ்என் பிளஸ் தரமும், 2020-இல் எஸ்பி தரமும் வந்தன. டர்போ வண்டிக்கு டப்பாவில் எஸ்பி அல்லது அதற்குப் பிந்தைய தரம் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது, எந்த பிராண்ட் என்பதைவிட முக்கியம். கொடைக்கானல் ஏற்றத்தில் ஒரு கியர் இறக்கி 2500-இல் ஓட்டுவது அதைவிட முக்கியம்.

ஆயிலின் கெட்டித்தன்மையும் அப்படித்தான். 0டபிள்யூ-16 கேட்கும் இன்ஜினில் "நம்ம ஊர் வெயிலுக்கு இது தண்ணியா இருக்கு" என்று 20டபிள்யூ-40 ஊற்றும் பழக்கம் இருக்கிறது. 100 டிகிரியில் 16 கிரேடின் பாகுத்தன்மை 6.1 முதல் 8.2 வரை, 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரை. ஏறக்குறைய இரு மடங்கு. வெளியே 40 டிகிரி வெயில் என்றாலும் பேரிங்குக்குள் ஆயில் எப்படியும் 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்; சென்னை வெயிலுக்கும் ஊட்டிக் குளிருக்கும் அங்கே பெரிய வித்தியாசம் இல்லை. கெட்டி ஆயில், மெலிந்த பேரிங் இடைவெளியில் உரசலைக் கூட்டும், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்புக்கு மெதுவாகப் போய்ச் சேரும். இளைத்துப் பெற்ற மைலேஜை ஆயில் டப்பாவில் திருப்பிக் கொடுப்பதுதான் இது.

எடையும் சத்தமும் குறைக்க வந்த இன்னொரு யோசனை, ஆயிலுக்குள் ஓடும் ரப்பர் டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளைத் திறக்கும் கேமைக் கிராங்கிலிருந்து ஓட்டும் பெல்ட். எங்கள் மதிப்பீட்டில் இந்தப் பட்டியலிலேயே மோசமான பேரம் இதுதான். வெளியே ஓடும் பெல்ட்டைவிட உரசல் குறைவு, செயினைவிடச் சத்தம் குறைவு. காகிதத்தில் எல்லாம் சரி. தவறான ஆயில் ஊற்றினாலோ, குறுகிய பயணங்களில் பெட்ரோல் ஆயிலில் கலந்தாலோ ரப்பர் ஊதி, உதிரத் தொடங்குகிறது. உதிர்ந்த துகள் ஆயில் பம்ப்பின் சல்லடையான ஸ்ட்ரெய்னரை அடைக்கிறது. முதலில் ஆயில் விளக்கு மினுக்கும். சில இன்ஜின்களில் பிரேக்குக்கு வெற்றிடம் கொடுக்கும் பம்ப்பும் அடைபட்டு பெடல் கல்லாகும். ஐரோப்பாவில் பியூஜோ, சிட்ரோன் கார்களின் 1.2 லிட்டர் பியூர்டெக் இன்ஜினில் இந்தப் புகார் பெருகி, ஸ்டெல்லாண்டிஸ் நிறுவனம் 2024-இல் பத்து வருடம் அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை உத்தரவாதத்தை நீட்ட வேண்டியதாயிற்று; புதிய வடிவத்தில் செயினுக்கே திரும்பிவிட்டார்கள். மேலே சொன்ன 1.0 ஈகோபூஸ்ட்டில் ஆயில் பம்ப்பை ஓட்டும் பெல்ட்டும் அதன் டென்ஷனரும் கெடுவதாக 2023 இறுதியில் அமெரிக்காவில் 1,39,000-க்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அதில் இருந்த ஈகோஸ்போர்ட்டுகள் நம் மறைமலை நகரிலிருந்து கப்பலேறியவை. பழைய கார் வாங்குகிறவர்கள் "பெல்ட்டா செயினா" என்று மட்டும் கேட்காமல், பெல்ட் என்றால் அது ஆயிலுக்குள் ஓடுகிறதா என்றும் கேட்க வேண்டும். ஆம் என்றால் சம்ப்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைப் பார்த்த பிறகே விலை பேசலாம். அதில் கறுப்பு நார் நாராக ஏதாவது ஒட்டியிருந்தால் வேண்டாம்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. அளவுக்கு அளவு பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையும், பழைய வடிவமைப்புக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்றும், இ20-க்கு ஏற்பச் சரிசெய்த கார்களுக்கு 1 முதல் 2 சதவீதம்தான் என்றும் மதிப்பிட்டது. வித்தியாசத்துக்குக் காரணம் ஆக்டேன். எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும், கம்ப்ரஷனைக் கூட்டலாம். 10-லிருந்து 13-க்கு ஏற்றினால், ஏட்டுக் கணக்கில், திறன் சுமார் 7 சதவீதம் கூடும். அதாவது எரிபொருளில் இழந்ததை இன்ஜினில் பிடிக்க வழி இருக்கிறது. ஆனால் புதிதாக வடிவமைத்த இன்ஜினில் மட்டும். ஓடிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான பழைய வண்டிகளுக்கு அந்த வழி இல்லை. அந்த வண்டிக்காரர்களின் கோபத்தை அறியாமை என்று தள்ளுவது சரியல்ல.

கடைசியாக வரி. நம் நாட்டில் 1.2 லிட்டர் என்ற அளவைத் தேர்ந்தெடுத்தது எந்த இன்ஜினியரும் அல்ல. 2006-07 மத்திய பட்ஜெட்டில் சிறு காருக்கு வரிச் சலுகை கொடுத்தபோது, நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் என்று கோடு போட்டார்கள். மாருதி 1197, ஹூண்டாய் 1197, டாடா 1199, ஹோண்டா 1199 என்று எல்லோரும் கோட்டை ஒட்டி வந்து நிற்பது அதனால்தான். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியபோதும் கோடு அப்படியே இருக்கிறது: உள்ளே 18 சதவீதம், வெளியே 40.

இதன் விளைவைப் பாருங்கள். மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஹைப்ரிட்டில் இருக்கும் 1490 சிசி இன்ஜினும் மூன்று சிலிண்டர்தான். சிலிண்டருக்கு 497 சிசி, மேலே சொன்ன தோதான அளவு. இன்டேக் வால்வைத் தாமதமாக மூடி, வெடிப்பின் விரிவை முழுதாகப் பயன்படுத்தும் வகை. லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்ற சோதனைக் கணக்கோடு வந்தது. இந்த வகை இன்ஜினுக்குப் பவர் குறைவு. அதனால் சிசியைக் கொஞ்சம் தாராளமாக வைத்தாக வேண்டும். நான்கு மீட்டர் காருக்குள் அதைப் பொருத்தினாலும் 1200-ஐத் தாண்டிய குற்றத்துக்கு 40 சதவீதம் கட்ட வேண்டும். குறைவாகக் குடிக்கும் பெரிய இன்ஜினுக்குத் தண்டம். டர்போ போட்டு விரட்டினால் தாராளமாகக் குடிக்கும் 1199 சிசிக்குச் சலுகை.

2022-23 முதல் நடப்பில் இருக்கும் கார்பன் வரம்பிலும் இதே கோணல். நிறுவனத்தின் எல்லாக் கார்களுக்கும் சராசரி கிலோமீட்டருக்கு 113 கிராம் என்பது அடிப்படை. ஆனால் விற்கும் கார்களின் சராசரி எடை கூடினால் வரம்பும் தளர்கிறது. காரை இளைக்க வைத்தவனுக்கு வரம்பு இறுகுகிறது, கொழுக்க வைத்தவனுக்குத் தளர்கிறது.

வரியை சிசியிலிருந்தும் நீளத்திலிருந்தும் எடுத்து, சோதனையில் வண்டி கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு விடுகிறது என்பதோடு கட்ட வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. அந்த எண்ணைப் புதிதாக அளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மாடலுக்கும் விற்பனை அனுமதிக்கு முன் அளந்து, அரசிடம் கொடுத்த கோப்பில் ஏற்கெனவே இருக்கிறது. ஜிஎஸ்டி கவுன்சிலில் தமிழக அரசுக்கும் இடம் உண்டு. நாட்டின் கார் உற்பத்தியில் முன்வரிசையில் இருக்கும் மாநிலம் என்ற முறையில் இதை அங்கே எழுப்ப வேண்டியது நம் நிதியமைச்சர்.

இப்படிக்கு,
இன்ஜின் வடிவமைப்பு, ரீகண்டிஷன் தொழிலில் உள்ள வாசகர்கள்,
கோயம்புத்தூர்.